புது டயரும் புது நடுக்கமும்

'கார்' என்றால் தாமிரபரணிக் கரையில் இரண்டு அர்த்தம். அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் நடுகிறார்களே, அந்த நெல்லுக்குக் கார் சாகுபடி என்று பெயர். அது முடிந்து ஐப்பசி வாக்கில் வருவது பிசானம். அந்தக் காரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் சேரன்மகாதேவியிலும் கல்லிடைக்குறிச்சியிலும் வீட்டுக்கு வீடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வாரம் நாம் பேசப் போவது நாலு சக்கரம் உள்ள காரைப் பற்றி. அதிலும் சொந்தக் கார் அல்ல, கம்பெனிக் கார்.

கம்பெனிக் கார் ஒரு விசித்திரமான பிராணி. ஓட்டுகிறவருக்கு அது சொந்தமில்லை. சொந்தக்காரரோ அதில் ஏறுவதே இல்லை. பெட்ரோல் போடுகிறவர் ஒருவர். அதற்கு பில் பாஸ் பண்ணுகிறவர் இன்னொருவர். பின் ஸீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு போகிறவர் மூன்றாமவர். இத்தனை பேர் இருப்பதால் அதற்கு ஒரு சீக்கு வந்தால் வைத்தியம் பார்க்க யாரும் இல்லை. அப்படி வருகிற சீக்குகளில் ஒன்றுதான், புது டயர் போட்ட மறுநாள் ஸ்டியரிங்குக்கு வருகிற உதறல்.

பழைய டயர் தேய்ந்து வழவழவென்று ஆகி, டிரைவர் நாலு தடவை சொல்லி, ஐந்தாவது தடவை காகிதத்தில் எழுதிக் கொடுத்து, ஒருவழியாக மானேஜர் கையெழுத்துப் போட்டுப் புது டயர் வருகிறது. கடையிலிருந்து வண்டியை எடுக்கிறார் டிரைவர். ஜங்ஷனைச் சுற்றி வருகிறார், ஈரடுக்குப் பாலம் ஏறுகிறார், பாளையங்கோட்டை போய்த் திரும்புகிறார். வண்டி வெண்ணெய் மாதிரி போகிறது. மறுநாள் நான்குநேரிப் பக்கம் நாலுவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டாரோ இல்லையோ, ஸ்டியரிங் சக்கரம் கைக்குள் கிடுகிடுவென்று நடுங்குகிறது. 90-இல் உள்ளங்கை மரத்துப் போகிறது. 110-க்குப் போனால், ஆச்சரியம், நடுக்கம் குறைந்துவிடுகிறது!

ஊருக்குள் தெரியாதது ஊருக்கு வெளியே ஏன் தெரிகிறது என்று கேட்கிறீர்களா? அதற்குப் பெரிய மோட்டார் சாஸ்திரம் வேண்டியதில்லை. வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் வைத்திருக்கும் தாய்மார்களைக் கேளுங்கள். நனைந்த ஜமக்காளம் ஒரு பக்கமாகச் சுருண்டு கிடக்கும்போது பிழிவதற்குப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகிறது? இயந்திரம் மெதுவாகச் சுற்றும் வரையில் சாதுவாக இருக்கிறது. வேகம் பிடித்ததும் 'தடதட'வென்று அடித்துக்கொண்டு, நின்ற இடத்தை விட்டே நகரப் பார்க்கிறது. கார்ச் சக்கரமும் அதே ஜாதிதான். ஒரு பக்கம் கனம் கொஞ்சம் கூடியிருந்தால் போதும்.

'கொஞ்சம்' என்றால் எவ்வளவு? 30 கிராம். மளிகைக் கடையில் ஒரு சின்னப் பொட்டலம் கடுகு. சாதாரணமான ஒரு சின்னக் காரின் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.9 மீட்டர் உருளும். 90 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்கு 13 தடவை சுற்றுகிறது. ரிம் ஓரத்தில் அந்த 30 கிராம் மட்டும் அதிகமாக இருந்தால், அந்த வேகத்தில் அது சக்கரத்தை வெளியே பிடித்து இழுக்கும் பலம் ஏறக்குறைய மூன்றரைக் கிலோவுக்கு மேல் போகிறது. மேலே ஒரு இழுப்பு, கீழே ஒரு இழுப்பு, முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று விநாடிக்கு 13 தடவை! வேகம் பாதியானால் இந்த இழுப்பு பாதியாவதில்லை, கால்வாசி ஆகிவிடுகிறது. 45 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோகூட இல்லை. திருநெல்வேலி டவுனில், ரத வீதிக் கூட்டத்தில், 45-க்கு மேல் போகிற வீரர் யார்? ஆகையால் நோய் ஊருக்குள் ஒளிந்துகொள்கிறது. (ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் ஓடுகிற வேகத்தில் சக்கரத்துக்கு எத்தனை கிலோ கூடினாலும் கவலை இல்லை. முட்டுக்கட்டை போடுகிறவர் மட்டும் கெட்டிக்காரராக இருந்தால் போதும்.)

110-க்குப் போனால் குறைகிறதே, அது ஏன்? ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அது திரும்பி வருகிற நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னக் குழந்தைகூட ஊஞ்சலை உத்தரத்துக்கு ஏற்றிவிடும். தாளம் தப்பித் தள்ளினால் பலசாலிக்கும் அது மசியாது. காரின் முன்பக்கத்து அச்சு, ஸ்பிரிங், ஸ்டியரிங் கம்பிகள் எல்லாமாகச் சேர்ந்து அதற்கென்று ஒரு தாளம் வைத்திருக்கின்றன. சக்கரத்தின் இழுப்பு அந்தத் தாளத்தோடு ஒத்துப்போகிற வேகத்தில் உதறல் உச்சம். அதைத் தாண்டிவிட்டால் தாளம் தப்பிவிடுகிறது. ஆகவே கைக்குத் தெரிவது குறைகிறது. ஆனால் இழுப்பு குறையவில்லை, இன்னும் கூடத்தான் செய்திருக்கிறது. இந்த விஷயம் புரியாமல், "நூறைத் தாண்டிட்டா சரியாயிரும் சார்" என்று வண்டியை விரட்டுகிற டிரைவர்கள் உண்டு. உதறலைவிட ஆபத்தானது இந்த வைத்தியம்.

சரி, புத்தம் புது டயரில் எப்படிக் கனம் கூடும் குறையும்? ரூபாயை எண்ணி வாங்கினோமே என்பீர்கள். டயர் என்பது ஒரே அச்சில் வார்த்த பொம்மை அல்ல. நூல் படலம், எஃகுக் கம்பிப் பட்டை, ரப்பர்த் தகடு என்று அடுக்கடுக்காகச் சுற்றி, ஒவ்வொரு அடுக்கின் இரண்டு முனையையும் ஒட்டி, பிறகு அச்சில் வேக வைக்கிறார்கள். ஒட்டுப் போட்ட இடத்தில் சில கிராம் கூடத்தான் செய்யும். எவ்வளவு உயர்ந்த கம்பெனியானாலும் இதைத் துளிகூட இல்லாமல் செய்ய முடியாது. அவர்களே அதை ஒளிக்காமல் பல டயர்களில் மஞ்சள் பொட்டு ஒன்று வைத்து அனுப்புகிறார்கள். டயரின் லேசான இடம் அது. காற்றடிக்கும் வால்வு ரிம்மில் கொஞ்சம் கனமான இடம். மஞ்சள் பொட்டை வால்வுக்கு நேரே வைத்து மாட்டினால் பாதி வித்தியாசம் அங்கேயே சரியாகிவிடும். மீதிக்குத்தான் ரிம் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டி அடித்தோ ஒட்டியோ சமன் செய்கிறார்கள். வீல் பேலன்ஸிங் என்பது இவ்வளவுதான்.

இந்த 'இவ்வளவுதான்' எப்படி விட்டுப் போகிறது தெரியுமா? பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு டிரைவரின் கதையைச் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். எல்லாக் கம்பெனியிலும் நடக்கிறது. டயர்க் கடை கொடுத்த மதிப்பீட்டுச் சீட்டில் நாலு டயர், நாலு வால்வு, பேலன்ஸிங் என்று மூன்று வரி இருந்தது. ஆபீஸ் குமாஸ்தா சிவப்பு மையால் மூன்றாவது வரியை அடித்துவிட்டார். டயர் என்றால் கண்ணுக்குத் தெரிகிறது. பேலன்ஸிங் என்றால் என்ன, கையில் பிடித்துப் பார்க்க முடியுமா? சில நூறு ரூபாய் மிச்சம். மூன்றாம் நாள் டிரைவர் கடைக்குப் போனார்.

"அண்ணாச்சி, எம்பதுக்கு மேல போனா ஸ்டியரிங் உதறுது."

"புது டயருல்லா தம்பி? ஒரு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடட்டும். தானா செட்டாயிரும், பாத்துக்கிடுங்க."

ஆபீஸில் போய்ச் சொன்னார். "நாலு டயர் வாங்கிக் குடுத்தாச்சு. இன்னும் என்னப்பா குறை? மெதுவாப் போ" என்று பதில் வந்தது. மெதுவாகப் போனார். "ஏன் லேட்?" என்று அதே வாய் கேட்டது. வாகைக்குளம் விமான நிலையத்தில் விருந்தாளியை இறக்கிவிட்டு, தூத்துக்குடித் துறைமுகம் போய்த் திரும்புவது அவருக்கு அன்றாடப் பிழைப்பு. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். ஒரு நடைக்கு ஒவ்வொரு சக்கரமும் 26,000 தடவைக்கு மேல் சுற்றும். அத்தனை தடவையும் அந்த மனிதரின் மணிக்கட்டில் ஒரு குட்டு. ராத்திரி சாப்பாட்டில் சோற்றைப் பிசைய விரல் மடங்கவில்லை என்று அவர் சம்சாரம் சொன்ன பிறகுதான், கைக்காசைப் போட்டு வேறொரு கடையில் பேலன்ஸிங் செய்துகொண்டார். முன்பக்கம் ஒரு சக்கரத்தில் 45 கிராம், மற்றொன்றில் 30. வேலை முடிய அரை மணிகூட ஆகவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே ஊரில் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார், தாமிரபரணிக்குப் பாலம் கட்டத் தம் கைப்பணத்தை அள்ளிக் கொடுத்தார். 1843-இல் திறந்த அந்தப் பாலம் இன்னும் நெல்லையையும் பாளையங்கோட்டையையும் சேர்த்து வைத்திருக்கிறது. அவர் வசதி படைத்தவர், மனசும் பெரிது. மாதச் சம்பளக்கார டிரைவர் கம்பெனி வண்டிக்குக் கைக்காசு போட வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

கடைக்காரர் சொன்ன 'செட்டாயிரும்' என்பதில் ஒரு துளி உண்மை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நெடுநாள் நின்ற வண்டியின் டயரில், தரையில் அழுந்திய இடம் தட்டையாகி, புறப்பட்டதும் கொஞ்சம் துள்ளும். பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் சூடேறிச் சரியாகும். புது டயரின் மேல் வழவழப்புப் போய்ப் பிடிப்பு வருவதற்கும் சில நூறு கிலோமீட்டர் ஆகும். ஆனால் கனத்தின் குறை ஓட ஓடத் தீராது. ஐந்நூறு கிலோமீட்டரில் தீருவது பெரும்பாலும் டிரைவரின் பொறுமைதான்.

எல்லா நடுக்கமும் பேலன்ஸிங் குறையல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டியரிங் நடுங்கினால் முன் சக்கரத்தைப் பாருங்கள். ஸீட்டும் தரையும் நடுங்கினால் பின் சக்கரத்தை. பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் டயரைக் குறை சொல்லாதீர்கள். பிரேக் டிஸ்க் கோணியிருக்கலாம். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் காற்று குறைவு, அல்லது அலைன்மென்ட். இந்த அலைன்மென்டையும் பேலன்ஸிங்கையும் ஒன்றென்று நினைத்து, ஒன்றுக்குப் பணம் கொடுத்து இன்னொன்றை எதிர்பார்க்கிறவர்கள் ஏராளம். அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்ற கணக்கு. பேலன்ஸிங் சக்கரத்துக்குள் இருக்கும் கனத்தின் கணக்கு. இழுப்புக்கு அது, உதறலுக்கு இது.

20, 30 கிலோமீட்டர் வேகத்திலேயே சக்கரம் தள்ளாடினால் விஷயம் வேறு. ரிம் வளைந்திருக்கலாம், டயருக்குள் பட்டை விட்டுப்போய் வீங்கியிருக்கலாம், எல்லாவற்றுக்கும் மேலாக, நட்டு சரியாக முறுக்காமல் இருக்கலாம். இப்படியானால் வீடு வரை ஓட்டிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம். ஓரமாக நிறுத்தி, நட்டுக்களைப் பார்த்த பிறகுதான் அடுத்த அடி.

இன்னொரு சூட்சுமம் உண்டு. சில ஆபீஸ்களில் நாலு டயர் கேட்டால் இரண்டு கிடைக்கும். அப்போது புதிது இரண்டையும் ஒரு அச்சுக்கு மாட்டி, பழையது இரண்டையும் இன்னொரு அச்சுக்குப் போடுவார்கள். பின்னால் இருந்த பழைய டயர்கள் முன்னால் வந்தால், இதுவரை பின் ஸீட்டு அதிகாரிக்குக் கேட்டுக்கொண்டிருந்த நடுக்கம் டிரைவர் கைக்கு வந்துவிடும். குறை புது டயரில் இல்லை, இடம் மாறிய பழையதில் இருக்கிறது. ஆனாலும் புதிது இரண்டையும் பின்னால் போடுவதே நல்லது. மழையில் பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிப்பது கஷ்டம். முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். எதை எங்கே போட்டாலும் நாலையும் பேலன்ஸ் செய்யச் சொல்லுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் பக்கம் நடவுக் காலத்தில் வயல் ஓரத்து வண்டிப் பாதையில் இறங்கிவிட்டு வந்தால், ரிம்மின் உட்புறம் களிமண் அப்பிக்கொண்டு, காய்ந்து, ஒட்டடை மாதிரி உட்கார்ந்துவிடும். நேற்று வரை ஒழுங்காக ஓடிய வண்டி இன்று உதறுகிறது என்றால், முதலில் ஒரு குடம் தண்ணீரும் ஒரு குச்சியும் எடுத்து ரிம்மின் உள்பக்கத்தைச் சுரண்டிப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம். சக்கரத்தைக் கழற்றும்போது அது உட்காரும் ஹப்பின் முகத்தில் துருவும் மண்ணும் இருந்தால் அதையும் கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்கச் சொல்லுங்கள். அங்கே ஒரு மண் துணுக்கு இருந்தாலும் சக்கரம் கோணலாக உட்காரும். பேலன்ஸிங் இயந்திரத்தில் சரியாகக் காட்டியது காரில் மாட்டியதும் மறுபடி உதறும்.

திருநெல்வேலிச் சீமைக்கும் டயருக்கும் பழைய உறவு உண்டு. திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார்தான் 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டவர். அந்தக் காலத்துச் சாலையில் மாட்டு லாடத்து ஆணிகள் சிதறிக் கிடக்கும்; அவற்றைப் பொறுக்க, காந்தம் கட்டிய வண்டி ஒன்றை அவர் ஓடவிட்டதாகச் சொல்வார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் 1942-இல் மலாயா ஜப்பான் வசம் போனதும் ரப்பர்ப் பஞ்சம் வந்தது. தேய்ந்த டயருக்குப் புதுத் தோல் போர்த்தும் ரீட்ரெட் தொழிலிலும் அவருடைய நிறுவனம் இறங்கியது. வண்டி கம்பெனியுடையதுதான், ஆனாலும் டயரை அப்படிப் பார்த்துக்கொண்டார்கள். இன்றைக்குக் கங்கைகொண்டான் சிப்காட்டில் டிராக்டர்களுக்கும் பெரிய வண்டிகளுக்கும் டயர் செய்கிற தொழிற்சாலை இருக்கிறது. அந்த நிறுவனத்தை ஜப்பானின் யோக்கஹாமா 2016-இல் வாங்கியது. ரப்பர் மரமோ பக்கத்துக் கன்னியாகுமரி ஜில்லாவில். நமக்குத் தெரியாத பொருளா டயர்?

இனி ஆபீஸ்காரர்களுக்கு ஒரு சமாசாரம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 190-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆபத்தான பழுது இருப்பது தெரிந்தும், அல்லது சாதாரணக் கவனம் வைத்தால் தெரிந்திருக்கக்கூடிய நிலையிலும், பொது இடத்தில் அந்த வண்டியை ஓட்டுகிறவர் மட்டும் அதில் குற்றவாளி அல்ல. ஓட்டச் செய்கிறவரும் ஓட்ட அனுமதிக்கிறவரும்கூடத்தான். சிவப்பு மைப் பேனாவை எடுக்குமுன் குமாஸ்தா இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

டிரைவர் ஐயாக்களுக்கும் ஒன்று. வாயால் சொன்னது காற்றோடு போகும். வண்டியின் லாக் புத்தகத்தில் எழுதுங்கள்: இன்ன தேதி, இன்ன சாலை, 80 முதல் 100 வரை ஸ்டியரிங்கில் உதறல், பிரேக்கில் இல்லை, டயர் மாற்றிய தேதி இது. நாலு வரி. இதைப் படித்துவிட்டு யாரும் "உனக்கு எப்பவும் ஒரு குறை" என்று சொல்ல முடியாது. மெக்கானிக்குக்கும் பாதி வேலை மிச்சம்.

டயர்க் கடையில் நிற்கும்போது பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிராமல், இயந்திரத்தின் பக்கத்தில் போய் நில்லுங்கள். பழைய கட்டிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு ஆரம்பிக்கிறார்களா பாருங்கள். சக்கரம் சுற்றி நின்றதும் உள்பக்கத்துக்கு ஒன்று, வெளிப்பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு எண் காட்டும். கட்டி வைத்த பிறகு இன்னொரு தடவை சுற்றவிட்டு, இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டினால்தான் வேலை முடிந்தது. இரண்டாவது தடவை சுற்றாமலே கழற்றப் போனால், "அண்ணாச்சி, இன்னொருக்க சுத்தி விடுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் வருஷத்து 23-ஆவது வாரத்தில் செய்தது. 'புதிது' என்று விற்கிற டயர் எத்தனை நாள் கோடவுனில் தூங்கியது என்று அதுவே சொல்லிவிடும்.

நட்டு முறுக்குவதில்தான் அவசரம் கூடாது. ஒன்றை முறுக்கியதும் பக்கத்தில் இருப்பதை விட்டு எதிரில் இருப்பதை முறுக்க வேண்டும். சக்கரம் நேராக உட்காரும். காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்ர்' என்று ஒரே மூச்சில் இறுக்கிவிட்டால், பிரேக் டிஸ்க் கோணவும் கூடும்; நடுரோட்டில் பங்க்சர் ஆகும்போது அந்த நட்டைக் கழற்ற ஒரு பயில்வானைத் தேட வேண்டியும் வரும். கடைசி முறுக்கு கையால், அளவு காட்டும் ஸ்பானரால் போடட்டும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும்.

ஸ்டெப்னியைச் சொல்ல மறந்துவிடப் போகிறேன். டிக்கியில் படுத்திருக்கும் அந்த ஐந்தாவது சக்கரத்தையும் அன்றைக்கே இயந்திரத்தில் ஏற்றிவிடுங்கள். கயத்தாறு தாண்டி, ராத்திரி பதினொரு மணிக்கு அதை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர வேண்டிய நாள் ஒன்று எப்படியும் வரும்.